முதல் பக்கத்திலேயே செத்துப்போனவள்

என் கணவன் திஹோமிர் என்னை முதல் பக்கத்திலேயே சாகடித்துவிட்டான். நிமோனியாக் காய்ச்சல். இரண்டு வரியில் என் கதை முடிந்தது. சவப்பெட்டிக்கு ஒரு வரி. அன்றைக்குப் பெய்த மழைக்கு மட்டும் ஒரு முழுப் பத்தி. இத்தனை வருடம் கூடக் குடித்தனம் நடத்தியவளுக்கு இல்லாத இடம் மழைக்கு இருந்தது.

அந்தத் தாளை நான் வேலைமெனக்கெட்டுத் தேடிப் படிக்கவில்லை. மிளகாய் ஊறுகாய் ஜாடியின் வாயைக் கட்ட ஒரு தாள் வேண்டியிருந்தது, சரக்கறை மேசையில் கைக்கு வந்ததை எடுத்தேன். எடுத்தால் அதில் நான் செத்துக் கிடக்கிறேன்.

“இது யாரு?” என்று கேட்டேன்.

“அது நீ இல்ல நெவென்கா. அவ பேரு மார்த்தா.”

“மார்த்தாவுக்குக் கன்னத்துல மச்சம் இருக்கே.”

“ஊர்ல ஒருத்திக்குத்தான் மச்சம் இருக்கணும்னு சட்டமா?”

“சரி, மச்சம் போகட்டும். ஏன் செத்தா?”

“கதைக்கு அப்படித் தேவைப்பட்டுது,” என்றான். ஏதோ குழம்புக்கு உப்புத் தேவைப்பட்டது என்பதுபோல.

திஹோமிரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவன் எங்கள் ஊர்த் தபால்காரன். எங்கள் ஸ்லவோனியாச் சீமையில் தபால்காரனாக இருப்பது என்றால் என்னவென்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு வாசலிலும் ஒரு குட்டிக் கிளாஸ் ராக்கியா காத்திருக்கும். அவரவர் தோட்டத்துப் பிளம்ஸ் பழத்தில், அவரவர் கொப்பரையில் காய்ச்சிய சாராயம். குடிக்கவில்லை என்றால் அந்த வீட்டையே அவமதித்த மாதிரி. அவனைக் கெடுத்தது கெட்ட சகவாசம் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் கெடுத்தவர்கள் எல்லாம் நல்லவர்கள். உபசாரம் செய்தே மனிதனைக் குப்புறத் தள்ளினார்கள். கடைசியில் மேலத்தெருக் கடிதங்கள் கீழத்தெருவுக்குப் போயின. ஒரு கிழவரின் சாவு அறிவிப்பு, அவரைப் புதைத்து மண் காய்ந்த பிறகு சொந்தக்காரர்களுக்குக் கிடைத்தது. தபால் பையோடு மக்காச்சோளக் காட்டில் அவன் தூங்கிக்கொண்டிருந்த அன்று, நான் என் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்தேன். பெட்டி இரண்டு நாள் வாசலிலேயே இருந்தது. மூன்றாம் நாள் அவன் ஆஸ்பத்திரிக்குப் போகச் சம்மதித்தான்.

ஆஸ்பத்திரி முடிந்தால் கிளப். குடியை விட்டவர்களின் கிளப். தீயணைப்பு நிலையத்தின் மாடியில் வியாழக்கிழமைதோறும் கூடுவோம். அதே கட்டடத்தின் கீழ்க்கூடத்தில் சனிக்கிழமைதோறும் கல்யாண விருந்து நடக்கும். வியாழக்கிழமை வரைக்கும் பியர் வாடை போகாது. எங்கள் ஊரில் எதையும் இப்படி யோசித்துத்தான் செய்வார்கள்.

அந்தக் கிளப்புக்குக் குடித்தவன் மட்டும் தனியாகப் போக முடியாது. பெண்டாட்டியும் கூடப் போய் உட்கார வேண்டும். குடித்தது அவன், வியாழக்கிழமை போனது எனக்கு. இது என்ன நியாயம் என்று முதல் நாளே கேட்டேன். கிளப்புத் தலைவர் டிராகுடின் பெரியவர், பழைய ரயில்வேக்காரர், பொறுமையாகச் சொன்னார்: “குடிகாரன் சொல்றதை ஒரு ஆள் சரிபார்க்கணும்மா. எங்க பேச்சை நாங்களே நம்ப மாட்டோம்.”

அதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். அவன் எழுந்து தன் கதையைச் சொல்ல வேண்டும். முடித்ததும் பெண்டாட்டி ஒன்று “அப்படித்தான்” என்று சொல்ல வேண்டும், அல்லது “அப்படி இல்லை” என்று சொல்ல வேண்டும். “அப்படி இல்லை” என்றால் டிராகுடின் என் பக்கம் திரும்பி, “அப்போ எப்படி?” என்று கேட்பார். நான் சொல்லுவேன். அவ்வளவுதான். வேறு பூஜை புனஸ்காரம் எதுவும் கிடையாது.

திஹோமிர் ஆரம்பத்தில் என்னவெல்லாம் அளந்தான். “பனியில சைக்கிள் வழுக்கி விழுந்து பல்லு போச்சு” என்றான்.

“அப்படி இல்லை,” என்றேன்.

“அப்போ எப்படி?”

“அது ஜூன் மாசம். வழுக்குறதுக்கு ஊர்ல ஒரு சொட்டுத் தண்ணிகூட இல்ல. நின்னுக்கிட்டிருந்த சைக்கிள்ல ஏறப்போய் விழுந்தான்.”

இப்படியே வருடக்கணக்கில் “அப்படி இல்லை” சொல்லிச் சொல்லி எனக்கு அது தும்மல் மாதிரி ஆகிவிட்டது. வானொலியில் வானிலை சொல்பவனிடம்கூடச் சொல்வேன். ஆனால் ஒன்று, அவன் குடியை விட்டான். தபால் நிலையத்தில் அவனை வெளியே அனுப்பாமல் உள்ளே கடிதம் பிரிக்க உட்கார வைத்தார்கள். வீடு வீடாக இருந்தது. நானும் கொஞ்சம் மூச்சு விட்டேன்.

மூச்சு விட்டது பொறுக்கவில்லை போலிருக்கிறது. எழுத ஆரம்பித்தான்.

கிளப்பில் எல்லோரும் தங்கள் வாழ்க்கையை எழுதிக் கொண்டுவந்து வாசிக்க வேண்டும். மற்றவர்கள் ஒரு பக்கம் எழுதி, வியர்த்து, உட்கார்ந்துவிட்டார்கள். இவன் எழுதுவதை நிறுத்தவே இல்லை. ஒரு வியாழக்கிழமை வாசிக்கும்போது, விடியற்காலையில் தள்ளாடி வீட்டுக்கு வருகிறவனை வாசலில் ஒரு நாய் பார்க்கிறது, பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது என்று வந்தது.

“அப்படி இல்லை,” என்றேன். “எங்க வீட்டுல நாயே கிடையாது.”

“இது கதை நெவென்கா.”

டிராகுடின் கண்ணாடியைக் கழற்றினார். “கதைன்னா? நடக்காததைச் சொல்றதுதானே? நடக்காததைச் சொல்லிச் சொல்லித்தான்ப்பா நாம எல்லாரும் இந்த மாடிக்கு வந்து சேர்ந்திருக்கோம்.”

“இது வேற, பெரியவரே.”

“எல்லாரும் இது வேறன்னுதான் சொல்லுவாங்க.”

கிளப்பில் ஒரே வாக்குவாதம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காட்டிட்சா மட்டும் என் முழங்கையை இடித்தாள். அவள் புருஷன் கிளப்பில் எல்லோருக்கும் முன்னாலேயே குடியை விட்டவன். “அந்த நாய்க்கு அப்புறம் என்ன ஆச்சாம்?” என்று கேட்டாள். திஹோமிரின் காதில் அது விழுந்துவிட்டது. அன்றைக்குப் பிடித்த பேய்தான்.

அதற்கப்புறம் என் சரக்கறை போயிற்று. ஜாடிகள் எல்லாம் மாடிப்படிக்கு வந்தன, முட்டைக்கோஸ் ஊறும் பீப்பாய் குளியலறைக்கு வந்தது. அவன் உள்ளே மேசையைப் போட்டுக்கொண்டு ஒரே விரலால் தட்டெழுதுவான். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நான் எரிச்சலில் ஏதாவது சொன்னால், கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “அதை இன்னொரு தடவை சொல்லு” என்பான். சண்டை போடக்கூட முடியவில்லை. ஒருத்தி வயிறெரிந்து திட்டுகிறாள், எதிரில் இருப்பவன் ரசித்துக் குறிப்பெடுக்கிறான் என்றால் எந்தப் பெண்டாட்டிதான் திட்டுவாள்?

நூலகத்து லிடியா வேறு ஏற்றிவிட்டாள். சின்னப் பெண், நல்லவள், பட்டணத்தில் படித்தவள். அவன் தாள்களைப் படித்துவிட்டு, “இதுல உண்மை இருக்கு” என்றாளாம். அவன் அதை வீட்டில் வந்து நாலு தடவை சொன்னான். உண்மை வேண்டுமென்றால் என்னிடம் கேட்டிருக்கலாமே, நான்தானே இவ்வளவு வருடம் சரிபார்த்தவள். இலையுதிர் காலத்தில் நூலகத்தில் ஒரு வாசிப்புக் கூட்டம், கடைசி அத்தியாயத்தை அவன் வாசிக்க வேண்டும் என்று ஏற்பாடு ஆயிற்று.

எனக்கு நாயும் மச்சமும் நிமோனியாவும் பெரிய விஷயமில்லை. பயம் வேறு இடத்தில் இருந்தது. அவன் ராக்கியாவைப் பற்றி எழுதுவது. முதல் வாய் தொண்டையில் இறங்கும்போது நெஞ்சுக்குள் யாரோ விளக்கு வைத்ததுபோல என்று எழுதியிருந்தான். அதை வாசித்த அன்று காட்டிட்சாவின் புருஷன் எழுந்து, படியிறங்கி, தெருக்குழாயில் தலையை நனைத்துக்கொண்டு வந்தான். டிராகுடின் அந்தத் தாளை மடித்துத் திஹோமிரிடமே கொடுத்து, “இனிமே இது இங்க வேண்டாம்” என்றார். அவன் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தான். வீட்டில் எனக்குத் தூக்கம் போயிற்று. நாள் முழுக்கக் குடியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருப்பவன் எத்தனை நாள் நினைப்போடு நிற்பான்?

போதாக்குறைக்கு, கதைக்கு முடிவு வரவில்லை.

“அவன் ஒரு கொப்பரைக்குப் பக்கத்துல நிக்கிறான்,” என்றான். “கையில கிளாஸ் இருக்கு. அங்கதான் நிக்குது.”

“கீழ வெச்சுட்டுப் போகச் சொல்லு.”

“ஏன் வெப்பான்? அவனுக்கு யாரும் இல்ல. பெண்டாட்டி செத்துட்டா.”

“நீதானே சாகடிச்ச?”

“குடிச்சான்னு எழுதினா எல்லாரும் நம்புவாங்க நெவென்கா. குடிக்கலைன்னு எழுதினா ஒருத்தனும் நம்ப மாட்டான். எனக்கே நம்பிக்கை வரலை.”

அந்தக் கடைசி வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. அவன் கதையைப் பற்றித்தான் சொன்னான். எனக்கு அப்படிக் கேட்கவில்லை.

அக்டோபரில் பக்கத்துத் தோட்டத்து இலியா ராக்கியா காய்ச்சக் கொப்பரையை அடுப்பில் ஏற்றினான். ஊரே மணந்தது. ஒரு சனிக்கிழமை மதியம் திஹோமிர் மேல்கோட்டை மாட்டிக்கொண்டு, ஒரு பென்சிலையும் நாலு தாளையும் பையில் வைத்தான்.

“எங்க?”

“இலியாகிட்ட. வாசனை எப்படி இருக்கும்னு மறந்துபோச்சு. முகர்ந்து பார்த்து எழுதிக்கிட்டு வந்துடறேன்.”

“உனக்குப் புத்தி கித்தி இருக்கா? கசாப்புக் கடைக்கு மாடு தானே நடந்து போய் விலை கேக்குமா?”

“அதை இன்னொரு தடவை சொல்லு,” என்றான்.

“போ. போய் அந்தக் கொப்பரையிலேயே விழு.”

போய்விட்டான். நான் பாத்திரம் தேய்த்தேன். ஒரே பாத்திரத்தை எவ்வளவு நேரம் தேய்ப்பது? கையைத் துடைத்துக்கொண்டு, வீட்டுச் செருப்போடு பின்கதவு வழியாக இறங்கினேன். முந்தின நாள் மழை, தோட்டம் முழுக்கச் சேறு. வேலியில் ஒரு பலகை எப்போதுமே ஆடிக்கொண்டிருக்கும், அதைத் தள்ளிக்கொண்டு போய் இலியாவின் பிளம்ஸ் மரங்களுக்குப் பின்னால் நின்றேன்.

இலியா சூடாக இறங்கிய முதல் ராக்கியாவைக் கிளாஸில் பிடித்து நீட்டினான். திஹோமிர் வாங்கினான். முகர்ந்தான். பென்சிலை எடுத்து எழுதினான். மறுபடியும் முகர்ந்தான். அப்புறம் பென்சிலைப் பையில் வைத்துவிட்டான். கிளாஸ் மட்டும் கையில் இருந்தது.

நான் கூப்பிட வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. கூப்பிடக் கூடாது என்று ஏதோ பெரிய ஞானம் வந்து நின்றேன் என்று சொல்ல மாட்டேன். பயம், அவ்வளவுதான். அவன் கிளாஸை உதடு வரைக்கும் கொண்டுபோனான். அங்கேயே வைத்துக்கொண்டிருந்தான். இலியாவே பொறுமை இழந்து, “குடிக்கிறதுன்னா குடி, இல்லேன்னா குடு. இருக்கிறது ஒரே கிளாஸு” என்றான்.

திஹோமிர் கிளாஸைக் கொடுத்துவிட்டான். விறகு வெட்டும் கட்டையில் உட்கார்ந்து, கைகளை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டான். கை நடுங்குவதை இலியாவிடமிருந்து மறைத்தான், என்னிடமிருந்து மறைக்கத் தெரியவில்லை. நான் வந்த வழியே ஓடினேன். அவன் தெருவைச் சுற்றி வீடு வந்தபோது அடுப்பங்கரையில் நின்று அதே பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வழக்கம்போல வாயை ஊதச் சொல்லி முகர்ந்தும் பார்த்தேன். பார்த்ததை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் வேவு பார்த்தாய் என்பான், அப்புறம் அதையும் எழுதுவான்.

அன்று சரக்கறைக்குள் போனவன் சாப்பாட்டுக்குக்கூட வரவில்லை. “முடிவு வந்துடுச்சு” என்று மட்டும் உள்ளேயிருந்து சொன்னான். என்ன முடிவு என்று நான் கேட்கவில்லை. கிளாஸைக் கொடுத்ததை நான்தான் பார்த்தேனே.

நூலகக் கூட்டத்துக்குக் கிளப்பு முழுவதும் வந்துவிட்டது. பழக்க தோஷம், வியாழக்கிழமை எந்த வரிசையில் உட்காருவோமோ அதே வரிசையில் ஜோடி ஜோடியாக உட்கார்ந்தோம். லிடியா ஒயினை எடுத்துவிட்டு எல்டர் செடியின் வெள்ளைப் பூவில் செய்த சர்பத் வைத்திருந்தாள். காட்டிட்சா வால்நட் பிஸ்கட் சுட்டுக் கொண்டுவந்திருந்தாள். பின்வரிசையில் இலியாகூட, தலைவாரி, சட்டை மாற்றி வந்து உட்கார்ந்திருந்தான்.

திஹோமிர் வாசித்தான். நல்ல குரல்தான், மறுக்கவில்லை. கொப்பரை, புகை, ஈர இலை, வாசனை எல்லாம் வந்தன. கூடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. அவன் கதாநாயகன் கிளாஸை வாங்குகிறான். சுற்றிலும் பார்க்கிறான். உலகத்தில் அவனுக்காக நிற்க யாரும் இல்லை. திஹோமிர் கடைசித் தாளைத் திருப்பினான்.

“அவன் கிளாஸை உயர்த்தினான். குடித்தான்.”

“அப்படி இல்லை,” என்றேன்.

நான் வேண்டுமென்று சொல்லவில்லை. தும்மல் வருகிற மாதிரி வந்துவிட்டது. கூடத்தில் எல்லாத் தலையும் திரும்பியது. லிடியா எழுந்து, ரொம்ப மரியாதையாக, “அம்மா, இது கதைதானே. முடிஞ்சதும் கேள்வி நேரம் இருக்கு” என்றாள்.

முன்வரிசையில் டிராகுடின் பெரியவர் என் பக்கம் திரும்பினார். அவருக்கும் பழக்க தோஷம்தான்.

“அப்போ எப்படி?” என்றார்.

அவர் கேட்டுவிட்டால் சொல்லித்தானே ஆக வேண்டும். எழுந்தேன்.

“குடிக்கலை. வாய் வரைக்கும் கொண்டுபோனான். இலியா கத்தினான், கிளாஸைத் திருப்பிக் குடுத்துட்டான். அப்புறம் விறகுக் கட்டையில உட்கார்ந்து கையை முழங்காலுக்கு நடுவுல ஒளிச்சுக்கிட்டான்.”

“அது சரிதான்,” என்றான் பின்வரிசையிலிருந்து இலியா. “இருந்தது ஒரே கிளாஸு.”

திஹோமிரின் கையிலிருந்த தாள் கீழே இறங்கியது. “உனக்கு எப்படித் தெரியும்?”

“நான் அங்கதான் இருந்தேன்.”

“எங்க?”

“மரத்துக்குப் பின்னாடி. வீட்டுச் செருப்போட, முழங்கால் வரைக்கும் சேத்துல. அந்தச் செருப்பை நான் இன்னும் கழுவிக்கிட்டிருக்கேன்.”

“எனக்குத் தெரியலையே நெவென்கா.”

“தெரிஞ்சிருந்தா எனக்குப் பயந்து குடுத்தேன்னு ஆயிருக்கும். தெரியாமத்தானே குடுத்த.” என் குரல் உயர்ந்தது. கோபத்தில்தான் என்று அப்போது நினைத்தேன். “குடிக்கலைன்னு எழுதினா யாரும் நம்ப மாட்டாங்கன்னியே. நான் கண்ணால பார்த்தேன். அப்புறம் உனக்கென்ன நம்ப முடியாம? உலகத்துல நிக்க யாரும் இல்லைன்னு வேற எழுதி வெச்சிருக்க. நின்னுக்கிட்டுத்தானே இருந்தேன், மனுஷா.”

இத்தனை வருடத்தில் நான் சொன்ன “அப்படி இல்லை” ஒவ்வொன்றும் அவன் தன்னை உயர்த்திச் சொன்னதைக் கீழே இறக்கத்தான். அவனுக்காக ஒரு தடவைகூட நான் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அது அவனுக்கும் அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். வாசிப்பு மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான், அதற்கென்ன.

டிராகுடின் அவனைப் பார்த்து, “திஹோமிர்?” என்றார்.

கிளப்பில் சரிபார்த்துச் சொல்ல வேண்டியவள் எப்போதும் நான்தான். அன்று அவன் சொன்னான்.

“அப்படித்தான்.”

லிடியாவுக்குத்தான் சங்கடம். கூட்டத்தை எப்படி முடிப்பது என்று தெரியாமல் சர்பத்தை ஊற்ற ஆரம்பித்தாள். காட்டிட்சா மூக்கைச் சிந்திவிட்டு, “அந்த நாய் கடைசியில அவன் முகத்தைப் பார்த்துதா, இல்லையா?” என்று கேட்டாள். அதை அவள் இன்னும் விடவில்லை.

வீட்டுக்கு நடந்தோம். பாதி வழியில், “செருப்பு நீலமா, பழுப்பா?” என்றான்.

“நீலம். இடது கால் செருப்பு கிழிஞ்சது. எதுக்கு?”

“மார்த்தாவை எழுப்பணும். முதல் பக்கத்துலயிருந்து எல்லாத்தையும் மாத்தி எழுதணும்.”

“எழுது. யார் வேண்டாம்னது?”

மறுபடியும் சரக்கறைக்குள் போய்விட்டான். ஜாடிகள் மாடிப்படியிலேயே இருக்கின்றன, குளிக்கப் போனால் முட்டைக்கோஸ் வாடை. நேற்று ஜாடி மூடுகிற சாக்கில் ஒரு தாளை எடுத்துப் பார்த்தேன். மார்த்தாவுக்கு நிமோனியா வருகிறது, ஆனால் பிழைத்துக்கொள்கிறாள். கிழிந்த நீலச் செருப்போடு சேற்றில் நிற்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவளுக்குக் குறட்டை வேறு கொடுத்திருக்கிறான். வியாழக்கிழமை வரட்டும், கிளப்பில் வைத்துப் பேசிக்கொள்கிறேன்.